அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சியா?

என் பைபிளில் எரேமியா புத்தகத்துக்குள் ஒரு பழைய வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்காக ஒரு வசனம் அச்சடித்த அட்டை, இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது, மேலே இருந்த ரோஜாப்பூப் படமும் வெளுத்துப்போய்விட்டது. 2008 டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை முடிந்து, புது வருஷம் பிறந்த கையோடு, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளில் ஜெபித்துவிட்டு நான் எடுத்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம், எரேமியா 29:11. படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏனென்றால் நான் எதிர்பார்த்திருந்த முடிவு என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் வீட்டுக்காரர் 2004-ல் துபாய்க்குப் போனார், கட்டட வேலை. இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர் நாலு வருஷமாகியும் இரண்டு முறைதான் லீவில் வந்திருந்தார். அதனால் அந்த அட்டையை அடுப்பங்கரைக் காலண்டரில் குத்தி வைத்து, இந்த வருஷம் வந்துவிடுவார் என்று பிள்ளைகளிடமும் மாமியாரிடமும் தெருவில் கேட்டவர்களிடமும் சொல்லிவிட்டேன். கர்த்தரே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன?

2009 எப்படி இருந்தது என்று துபாயில் அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். பணநெருக்கடியில் பாதிக் கட்டடங்கள் அப்படியே நின்றன. மார்ச் மாதத்தோடு அவருக்குச் சம்பளம் வருவது நின்றது. பாஸ்போர்ட் கம்பெனியின் கையில், பாக்கிச் சம்பளமும் அவர்கள் கையில், அதை விட்டுவிட்டு வரவும் முடியாது, அங்கே இருந்து பிரயோஜனமும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை போன் பேசுவார், பேசும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கும். ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அந்த அட்டையைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள் எறிந்தேன். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என் வாய் சொன்னதை என் மனம் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் இருந்தார்கள். அப்போதே எழுபது வயதுக்கு மேல். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னட்டி ஆச்சு என்று கேட்டார்கள், நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கேட்டது இதுதான்: "அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சியா? அதுக்கு முந்தின வசனம் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறவள் நான்.

டீச்சர் எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பைபிளைத் திறந்து என் மடியில் வைத்தார்கள். பத்தாம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு நான் உங்களைச் சந்திப்பேன். எழுபது வருஷம்! அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் உயிரோடு ஊர் திரும்ப மாட்டார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே போகச் சொன்னார்கள். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருந்தது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசிக்கச் சொன்னார்கள். அங்கே அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பேரால் தைரியமாகச் சொல்கிறான். அது பொய்.

"உனக்கு அட்டையில வந்தது எரேமியா சொன்னது. நீ எடுத்துக்கிட்டது அனனியா சொன்னது" என்றார்கள் டீச்சர்.

அன்றைக்கு எனக்கு உடைந்தது விசுவாசம் அல்ல, நானே கட்டி வைத்திருந்த ஒரு கணக்குதான். ராத்திரி அந்த அதிகாரத்தை மூன்று தடவை வாசித்தேன். அவர் வந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷமாக ஒழுகும் அடுப்பங்கரை ஓட்டை மாற்றாமல், தெரிந்த தையலைத் தொழிலாக எடுக்காமல், மகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்க்காமல், எல்லாவற்றையும் அவர் வந்த பிறகு என்று தள்ளி வைத்திருந்தேன். வீடு கட்டு, தோட்டம் போடு என்று வேதம் சொல்கிறது. நானோ பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவளைப்போல வாழ்ந்திருக்கிறேன். அடுத்த மாதமே பழைய உஷா மிஷின் ஒன்றைத் தவணைக்கு வாங்கினேன். அவர் 2012-ல்தான் வந்தார், பாதிச் சம்பளம் வராமலேயே. வந்தபோது வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நான் பட்டது இது. வாக்குத்தத்த அட்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போதும் வருஷாவருஷம் எடுக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்காமல் காலண்டரில் குத்துவதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் எப்படி வளர்வோமோ அப்படித்தான் நானும் வளர்ந்தேன். தாத்தா உபதேசியார். ஞாயிறு பள்ளி, வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, மனப்பாட வசனப் போட்டி, அசனம் என்கிற சபை விருந்து. பதினைந்து வயதில் திடப்படுத்தலுக்கான வகுப்பு, அதில் விசுவாசப்பிரமாணம், பத்துக் கட்டளைகள், ஞானோபதேசக் கேள்வி பதில் எல்லாவற்றையும் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். பிஷப் ஐயா தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், முதல் இராப்போஜனம் வாங்கினேன். அதோடு படிப்பு முடிந்தது. யாரும் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் அடுத்த வகுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. கல்யாணம், பிரசவம், கடன், மாமனாரின் மரணம், வீட்டுக்காரரின் பிரிவு என்று வாழ்க்கையில் வந்த பெரிய பரீட்சைகளுக்கெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வேத அறிவோடுதான் போய் உட்கார்ந்தேன்.

தையலில் அப்படி இருந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஒவ்வொரு வருஷமும் கழுத்து மாடல் மாறுகிறது, கை மாறுகிறது, என்னைவிட இருபது வயது சின்னப் பெண் வைத்த டிசைனைப் பார்த்து இது எப்படி வெட்டினாய் என்று கேட்கிறேன், வெட்கப்படுவதில்லை. வேதத்தில் மட்டும் ஏன் எல்லாம் தெரிந்தமாதிரி இருந்தேன்? எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் ஒரு வரி இருக்கிறது, காலத்தைப் பார்த்தால் இதற்குள் போதகராயிருக்க வேண்டிய நீங்கள் இன்னும் பால் குடிக்கிறீர்கள் என்று. அதை வாசிக்கும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை ரொம்ப எளிது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார்கள். எந்தப் பகுதியை வாசித்தாலும் இது யாருக்கு எழுதியது, எந்த நிலைமையில் இருந்தார்கள், இதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். எனக்கு என்ன சொல்கிறது என்பதைக் கடைசியில்தான் எழுத வேண்டும், முதலில் எழுதக் கூடாது. புரியாததைத் தாண்டிப் போகாமல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து கேள்வியாக எழுதிக்கொண்டு வர வேண்டும். அப்புறம், சின்னப் புத்தகமாக இருந்தால் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். பிலிப்பியர் நாலே அதிகாரம், 104 வசனம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதிலிருந்து "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை எத்தனை பரீட்சை அட்டைகளில் எழுதிக் கொடுத்திருப்பேன்! முழுக் கடிதத்தையும் வாசித்தபோதுதான் தெரிந்தது, பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார், அந்த "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியாயிருப்பதும் குறைவுபடுவதும் அடக்கம் என்று. துபாயில் ஒருவேளைச் சாப்பாட்டோடு படுத்த மனுஷனுக்குச் சொல்லவேண்டிய வசனம் அது, அவருக்கு நான் அதைச் சொல்லவே இல்லை.

அடுத்து வந்த பாடம் ஒரு பையனிடமிருந்து வந்தது. ஆறாம் வகுப்புப் படிப்பவன், வகுப்பில் கடைசியில் உட்காருவான். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று யோவான் 14:15-ஐ மனப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கி, "அக்கா, கற்பனைன்னா மனசுல நினைச்சுப் பார்க்கிறதுதான? இயேசப்பா கற்பனை பண்ணினதை நாம எப்படிக் கைக்கொள்ளணும்?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவன் கேட்டது சரியான கேள்வி. பள்ளிக்கூடத் தமிழில் கற்பனை என்றால் அதுதானே. கட்டளை என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன், எத்தனை வார்த்தைகளை இப்படி நாம் அர்த்தம் மாறிப்போனது தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று.

நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய திருப்புதல் என்ற தமிழ் பைபிள், ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து திருத்தி 1871-ல் வெளிவந்தது. அந்தத் தமிழ் எனக்கு உயிர். ஆனால் தமிழ் அதற்குப் பிறகு நூற்றைம்பது வருஷம் நடந்து வந்துவிட்டது. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்று பேதுரு எழுதியதைக் கேட்கிற இன்றைய பிள்ளைக்கு போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். அக்கறையோடு கவனித்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். பரதேசி என்பது தெருவில் திட்டுகிற வார்த்தை, ஆனால் பேதுருவின் நிருபத்தில் அது வேற்றூரில் தங்கியிருக்கிறவன். உக்கிராணக்காரன் என்றால் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. ஆயக்காரன் என்றதும் ஒரு பிள்ளை நம் ஆயர் ஐயாவா என்று கேட்டிருக்கிறது. வரி வாங்குகிறவன் என்று நாம் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

அதிலிருந்து பழைய திருப்புதலோடு 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். கத்தோலிக்கர் வீட்டில் இருக்கிற பைபிள் உனக்கெதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். இரண்டு சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது என்று சொன்னேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் வேகமாகப் போகலாம், வித்தியாசப்படும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும், அங்கேதான் ஏதோ புதையல் இருக்கும். அதற்காகப் பழையதைத் தூக்கிப் போடத் தேவையில்லை, மனப்பாடத்துக்கும் ஜெபத்துக்கும் அதன் தாளம்தான் எனக்கு வருகிறது.

இந்தப் புத்தகம் நம் கைக்கு வந்த கதையே ஒரு படிப்பின் கதைதானே. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். எட்டு ஒன்பது வருஷத்துக்குள், 1714-15-ல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தவர் 1719-ல் இறந்துபோனார், முப்பத்தாறு வயதில். சாயர்புரத்தில் இருந்த ஜி.யு.போப் ஐயரோ தன் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது வருஷம் 1900, அவருக்கு எண்பது வயது. மணலில் எழுதியவரும் எண்பதில் எழுதியவரும் போன பாதையில் பிறந்துவிட்டு, எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் படிப்பு ஏறாது என்று நாற்பத்தைந்தில் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

படிக்க ஆரம்பித்தால் வருகிற ஒரு பொறுப்பையும் சொல்ல வேண்டும். "பயப்படாதே என்று பைபிளில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று" என்று மேடையில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். நானும் வகுப்பில் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத இரண்டு நாட்களில் எந்த வார்த்தை எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் கன்கார்டன்ஸை வைத்துக்கொண்டு பயப்படாதே, பயப்படாதிருங்கள், பயப்படாமல் என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். 365-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் அக்கா சொன்னது தப்பு என்று சொன்னேன். ஒரு பெண் கேட்டாள், "அப்ப மிச்ச நாளுக்குப் பயப்படலாமாக்கா?" ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்தாலும் எல்லா நாளுக்கும் போதும் என்றேன். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் ஆராய்ந்துபார்த்தார்களாம், அதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டித்தான் எழுதுகிறார். பவுலையே சரிபார்க்கலாம் என்றால் ஒரு பார்வர்டைச் சரிபார்ப்பது அவிசுவாசம் ஆகாது.

ஆனால் இதிலேயே நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எங்கள் மூத்த அக்கா ஒருவர் தேவசெய்தி கொடுத்தார்கள். ஒரு சம்பவத்தை எலியா என்பதற்குப் பதிலாக எலிசா என்று சொல்லிவிட்டார்கள். நான் எல்லார் முன்னாலும் எழுந்து, அது எலியா, 1 இராஜாக்கள் 17 என்று திருத்தினேன். அந்த அக்காவின் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர்கள் பேசவே முன்வரவில்லை. நான் சொன்னது சரி, செய்தது பாவம். அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும் என்று கொரிந்தியருக்கு எழுதினது எனக்கு அப்போது மனப்பாடமாகத் தெரியும், அதுதான் வேதனை.

அப்போஸ்தலர் 18-ல் அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளன் வருகிறான், வேதத்தில் வல்லவன், ஆனால் யோவானின் ஞானஸ்நானத்துக்கு மேல் அவனுக்குத் தெரியாது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அவனைத் திருத்தவில்லை. "அவனைச் சேர்த்துக்கொண்டு" விவரித்துக் காண்பித்தார்கள் என்று இருக்கிறது. தனியாக அழைத்துக்கொண்டுபோய், கூடாரம் தைக்கிற ஒரு புருஷனும் பெண்சாதியும், சபையே மெச்சும் பேச்சாளனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அவனும் கேட்டுக்கொள்கிறான். தையல்காரியான எனக்குப் பிரிஸ்கில்லாளை ரொம்பப் பிடிக்கும். அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள். இப்போது செய்திக்கு ஆயத்தம் பண்ணும்போது எனக்குப் போன் பண்ணுகிறார்கள், நானும் அவர்களுக்குப் பண்ணுகிறேன்.

தனியாகப் படிப்பது ஒரு அளவுக்குத்தான். நாற்பத்தாறு வயதில், வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசும் இறையியல் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். இந்த முறையை 1963-ல் குவாத்தமாலாவில் ஆரம்பித்தார்களாம், வேலையை விட்டுவிட்டு செமினரிக்கு வர முடியாத மலை ஊர்க்காரர்களுக்காக. இந்தியாவில் தாஃப்டீ அமைப்பு 1971-லிருந்து இதை நடத்துகிறது, தமிழிலும் பாடங்கள் உண்டு. இதில் சேர்ந்தபோது ஒருவர், ரொம்பக் கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று எச்சரித்தார். போகவில்லை. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு அவனிடம், வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று கேட்டான். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அவ்வளவு பெரிய மந்திரி ஒளிக்காமல் சொன்னான், அதனால்தான் அன்றைக்கே ஞானஸ்நானம் பெறத் தண்ணீருக்குள் இறங்கினான்.

அந்தப் படிப்பு முடிந்த பிறகு புதன்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சின்ன வேத வகுப்பு வைக்கிறோம். ஏழெட்டுப் பேர் வருவோம். நான் நடத்துகிறேன் என்று பெயர், பல நாள் நான்தான் கற்றுக்கொள்கிறேன். ஒருநாள் மத்தேயு 18, பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனை மன்னிக்காமல்போன உவமை. நாம் தாலந்து என்றால் திறமை என்று பழகிவிட்டோம், தாலந்துப் போட்டி என்றுகூட வைக்கிறோம். ஆனால் அது பணத்தின் எடை, ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று படித்திருந்ததைச் சொன்னேன். வகுப்பில் ஒரு கொத்தனார் தம்பி உண்டு, எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். கையாள் கூலியை எண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டார். நூறு வெள்ளிப்பணம், எண்பதாயிரம் ரூபாய். பதினாயிரம் தாலந்து, ஆறு கோடி நாள் கூலி. "நாலாயிரத்து எண்ணூறு கோடிக்கா" என்றார். வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருஷம் ஆகும். எல்லாரும் வாயடைத்துப் போனோம். அவ்வளவு கடனையும் ராஜா ஒரே வார்த்தையில் விட்டுவிடுகிறார்.

நான் வழக்கம்போல, பார்த்தீர்களா, நமக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு பெரியது, பிறர் நமக்குச் செய்தது எவ்வளவு சின்னது என்று முடிக்கப் போனேன். அந்தத் தம்பி தலையை ஆட்டினார். "இல்லக்கா. எண்பதாயிரம் சின்னக் காசு இல்லை. மூணு மாசம் கல்லு தூக்கணும். அண்ணன் எனக்கு அதைத் தராம ஏமாத்தினா எனக்கு வலிக்கத்தான் செய்யும். இயேசு ஒரு பைசான்னு சொல்லலையே, நூறு பணம்னு சொல்லியிருக்காரே. வலிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

எத்தனை பிரசங்கங்களில் இந்த உவமையைக் கேட்டிருக்கிறேன், யாரும் இதைச் சொன்னதில்லை. நமக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று பாவனை பண்ணுவது மன்னிப்பு ஆகாது, நிஜமான கடனை நிஜமான கடன் என்று தெரிந்துகொண்டே விடுவதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கூலிக்கணக்குத் தெரிந்த ஒருவர் வகுப்பில் இல்லாவிட்டால் எனக்கு அது கிடைத்திருக்காது. அதனால்தான் யாரைக் கேட்டாலும், படித்தவர்கள் மட்டும் உட்கார்ந்து வேதம் படிக்காதீர்கள் என்று சொல்கிறேன். வயல்வேலைக்காரர், நர்ஸ், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எல்லாரையும் கூப்பிடுங்கள், அவரவர் தொழிலுக்கு என்று ஒரு கண் இருக்கிறது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கும் இல்லைதான். சித்திரை, வைகாசியில் கல்யாண பிளவுஸ்கள் குவிந்துவிட்டால் பத்து நாள் நோட்டைத் திறக்கவே மாட்டேன். ஒரு வருஷத்தில் பைபிளை முடிக்கும் திட்டத்தை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் லேவியராகமத்தில் நின்றுவிட்டேன், ஒவ்வொரு முறையும் குற்ற உணர்ச்சியில் இரண்டு மாதம் பைபிளையே தொடவில்லை. இப்போது அப்படிச் செய்வதில்லை. பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு ஒன்று வைத்தால் மூன்றே கால் வருஷம். ஆகட்டுமே, அவசரம் என்ன. காலையில் அரை மணி நேரம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாய்விட்டு வாசிப்பேன். விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து. ஈடுகட்டுவதற்காக ஒரே நாளில் எட்டு அதிகாரம் ஓடினால் எதுவும் மனதில் தங்காது.

டீச்சர் எண்பத்துமூன்று வயதில் இறந்துபோனார்கள். கடைசி இரண்டு வருஷம் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வாசித்தார்கள், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். சாவுக்கு அருகில் இருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது வரும்போது மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிறார் பார், குளிருக்குப் போர்வை வேண்டும், மனசுக்குப் படிக்க வேண்டும், இன்னும் எதற்குப் படிக்கிறாய் கிழவா என்று யாரும் கேட்கவில்லை என்பார்கள். அடக்கத்துக்குப் பிறகு அவர்கள் மகன் என்னைக் கூப்பிட்டு அவர்கள் எழுதி வைத்திருந்த நோட்டுகளைக் கொடுத்தார். கடைசி நோட்டின் பின்பக்கத்தில், கை நடுங்கி எழுதிய கேள்வி ஒன்று: யோபு கேட்ட கேள்விக்குக் கர்த்தர் ஏன் நேராகப் பதில் சொல்லவில்லை? கீழே பதில் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் இப்போது, குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து ஏன் என்று கேட்ட யோபுவின் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் தனியாக இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருக்கிறார்கள், எழுத்து தெரியாது. மகன் பனையிலிருந்து விழுந்து இறந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆலயத்தில் அவ்வப்போது வாசிக்கும் பகுதிகளைக் கேட்டிருக்கிறார்களே தவிர, ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போய் ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். கதை அவர்களுக்கு முன்னமே முழுசாகத் தெரியாது, அதனால் நான் இதுவரை கேட்காத விதமாக அதைக் கேட்கிறார்கள். யோபுவின் சிநேகிதர்கள் பேச ஆரம்பித்ததும், "ஏழு நாள் பேசாம தரையில உக்காந்திருந்தானுவளே, அதுதான் நல்லாருந்துச்சு. எம்மவன் செத்தப்ப எங்கிட்டயும் இப்படித்தான் வந்து வந்து பேசினாவ" என்றார்கள். எலிகூ வந்தபோது, இவன் யாரு நாலாவதா என்று எரிச்சல்பட்டார்கள்.

நேற்று முப்பத்தேழாவது அதிகாரம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன். பாட்டி கருப்பட்டிக் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏட்டி, எல்லாரும் பேசியாச்சு. அவரு எப்ப பேசுவாரு?" என்று கேட்டார்கள்.

நாளைக்கு பாட்டி, நாளைக்கு என்றேன். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போக வேண்டும், அதற்குள் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடிக்க வேண்டும்.